தக்காணப் பாறைகள் தெற்கே இருந்து வந்தவையா?

கேள்வி: இந்தியா ஒரு காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததாகப் பாறைகளின் காந்தத்தை வைத்துச் சொல்கிறார்களே, ஒரு கல்லில் அது எப்படிப் பதியும்? நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் கல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

எரிமலைக் குழம்பு சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் அதில் எந்தக் காந்தமும் நிலைக்காது. இறுகி ஆறி, 580 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, உள்ளே இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத் துகள்கள் அன்றைய பூமிக் காந்தப்புலத்தின் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. துகள்களே திரும்பி நிற்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதற்குள் பாறை கெட்டியாகிவிடும். துகளுக்குள் இருக்கும் காந்தத்தின் திசைதான் மாறுகிறது. அதன் பிறகு கண்டம் எங்கே போனாலும் அந்தத் திசை பாறையோடு போகும்.

இனி, சாய்வு, அதாவது காந்தப்புலம் தரையோடு சேரும் கோணம். காந்தப்புலம் நிலநடுக்கோட்டில் தரைக்குக் கிடையாக ஓடும், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். நடுவில், 18 டிகிரி அட்சரேகையில் சாய்வு சுமார் 33 டிகிரி, 30 டிகிரியில் சுமார் 49. தக்காணத்தின் பசால்ட் பாறைகள், அதாவது எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த கருங்கற்கள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறியவை. மகாராஷ்டிரத்தில் இன்று அவை வடக்கு 18 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. ஆனால் அவற்றில் பதிந்த சாய்வு 50 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. சாய்வோடு திசையையும் சேர்த்துப் பார்த்தால் அது தென்கோளத்தில் 30 டிகிரியை ஒட்டிய இடத்துக்கு உரியது. அதாவது 5,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வந்திருக்கின்றன. 1950களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழு இவற்றை அளந்தபோது, கண்டங்கள் நகரும் என்பதை ஏற்காதவர்களே அதிகம். எண்கள் அவர்களை யோசிக்க வைத்தன.

என் மாணவர்களிடம் நான் விடாமல் வற்புறுத்துவது, துளைத்து எடுக்கும் கல்லில் போடும் அடையாளத்தை. இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்தில் துளைத்ததும், கல்லைப் பிடுங்குவதற்கு முன்பே பித்தளைக் கம்பியால் கோடு கிழித்து, சாய்வையும் திசையையும் குறிக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாத கல்லால் இந்த வேலைக்கு ஒரு பயனும் இல்லை. பசால்ட் திசைகாட்டி முள்ளையே இழுத்துவிடும் என்பதால் சூரிய நிழலை வைத்தும் திசை பார்க்கிறோம். மேட்டின் உச்சியில் மின்னல் தாக்கிய பாறையைத் தொடவே கூடாது. மின்னோட்டம் பழைய பதிவின் மேல் புதியதை ஏற்றிவிடும். பின்னாளில் ஒட்டிய காந்தத்தை ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடாக்கி நீக்குகிறோம். காந்த வடக்கு எப்போதும் கொஞ்சம் அலைந்துகொண்டே இருப்பதால் ஒரே ஒரு குழம்படுக்கை போதாது, பல அடுக்குகளின் சராசரி வேண்டும்.

சரி, கல் சொல்லாதது எது? தீர்க்கரேகை. கிழக்கு மேற்காக எவ்வளவு நகர்ந்தது என்பதற்குக் கடலடித் தரை உருவாக உருவாக அதில் வரிவரியாகப் பதிந்த காந்தப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். அவையும் ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகள் வரைதான் உதவும். அதைவிடப் பழைய கடல்தரை பெரும்பாலும் பூமிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.