குடும்ப எம்பிராய்டரியை ஓவியத்தில் சேர்ப்பது என்றால் என்ன?

பாட்டி, அம்மா வழியாக வந்த தையல் வகைகளையும் பூ வடிவங்களையும் இன்றைய ஓவியத்துக்குள் கொண்டுவருவதுதான் இது. நூலாலேயே தைக்கலாம், சங்கிலித் தையலின் கோட்டைத் தூரிகையால் வரையவும் செய்யலாம்.

சரி, இரண்டும் எப்படிச் சேர்கின்றன? கேன்வாஸே நெய்த துணிதான், ஊசி அதற்குப் புதிதல்ல. அப்புறம், கையெழுத்து மாதிரி தையலிலும் ஆளுக்கு ஆள் இழுப்பும் இடைவெளியும் மாறும். அந்த அடையாளம் படத்துக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் 1980-ல் தன் முதல் ஓவியப் போர்வையை, ஆடை வடிவமைப்பாளரான தன் அம்மாவோடு சேர்ந்தே செய்தார். கெய்ரோவில் பிறந்த காடா ஆமெர், கேன்வாஸில் தைத்துவிட்டு நூல் முனைகளை வெட்டாமல் தொங்கவிடுவார். தள்ளி நின்று பார்த்தால் பெயின்ட் வழிவது போலவே இருக்கும்!

நூல்மேல் அக்ரிலிக் வண்ணம் பட்டால் நூல் விறைத்து, பளபளப்பு போய்விடும். எண்ணெய் வண்ணம் ஊறினால் காலப்போக்கில் இழையே நைந்துபோகும். அதனால் வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு தைப்பதே என் கட்சி. ஆனால் தப்பான இடத்தில் குத்திய துளை மறையாது, முதலில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள பழைய துணியை வெட்டி ஒட்டினால்தான் இது ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தையலைக் கற்றுப் புதிதாகத் தைத்தாலே போதும், பழைய துணி பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.