இருவரும் அறிந்த கடனே அடைபடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் அரசாங்கப் பாடசாலையொன்றில் ஆசிரியை. கணவர் நிலாவெளியில் ஒரு ஹொட்டலில் வேலை செய்கிறார். 2022 இல் பெற்றோலும் இல்லாமல் வெளிநாட்டவரும் வராமல் ஹொட்டல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது வாங்கத் தொடங்கிய கடன் இன்று ஐந்தாகப் பெருகி நிற்கிறது. வங்கியில் நகை அடகு 500,000 ரூபாய், வருடத்துக்கு நூற்றுக்கு 15 வட்டி. கடனட்டையில் 120,000, வருடத்துக்கு நூற்றுக்கு 28. அதற்கு மாதம் 6,000 கட்டுகிறோம். தெரிந்த ஒருவரிடம் வட்டிக்கு எடுத்தது 150,000, மாதத்துக்கு நூற்றுக்கு 5. இரண்டு வருடமாக வட்டி மட்டும்தான் கட்டுகிறோம். மோட்டார் சைக்கிள் லீசிங் மாதம் 14,500 வீதம் இன்னும் 11 தவணை. கனடாவில் இருக்கும் மச்சாள் வட்டியில்லாமல் தந்தது 300,000. நகையை வருடா வருடம், பவுண் விலை ஏறியதைக் காட்டிக் கூடுதலாக எடுத்து, அதிலேயே வட்டியைக் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். இருபது பேர் சேர்ந்த 10,000 ரூபாய்ச் சீட்டொன்றும் கட்டுகிறேன், இன்னும் எடுக்கவில்லை. மச்சாளின் காசை முதலில் கொடுக்காவிட்டால் அவளின் முகத்தில் விழிக்க முடியாது என்கிறார் அம்மா. நகையை முதலில் மீட்போம் என்கிறார் கணவர். வீட்டுச் செலவை எவ்வளவு குறைத்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதனால் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். எங்கே தொடங்குவது?
பெயர் வேண்டாம், அலஸ்தோட்டம், திருகோணமலை

பதில்: தெரிந்தவரிடம் எடுத்த வட்டிக்காசில் தொடங்குங்கள், சகோதரி. எந்தக் கடன் பெரியது, யாருக்கு முகம் காட்ட வேண்டும் என்பவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு கடனிலும் ஒரு இலட்சம் ரூபாய் உங்கள் வீட்டிலிருந்து வருடத்துக்கு எவ்வளவை எடுத்துச் செல்கிறது என்பதை மட்டும் இருவருமாகப் பாருங்கள். மச்சாளின் இலட்சத்துக்கு ஒன்றுமில்லை. நகையின் இலட்சத்துக்கு 15,000. கடனட்டையின் இலட்சத்துக்கு 28,000. வட்டிக்காசின் இலட்சத்துக்கு 60,000. மாதம் 7,500 வீதம் இரண்டு வருடத்தில் நீங்கள் அந்த மனிதருக்குக் கொடுத்தது 180,000 ரூபாய். வாங்கிய முதலைவிட அது கூட. ஆனாலும் முதல் அப்படியே நிற்கிறது. மாதக் கடைசியில் கையில் ஏன் ஒன்றுமில்லை என்ற உங்கள் கேள்விக்கு விடையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, அடுப்படியில் இல்லை.

அந்த 150,000 ரூபாயை ஒரே முறையில் தீர்ப்பதற்கு உங்களிடம் இரண்டு வழிகள் உண்டு. நீங்கள் அரச ஊழியர் என்பதால், இடர்கடன் இதுவரை எடுக்காமலோ எடுத்து முடிந்தோ இருந்தால், வலயக் கல்வி அலுவலகத்தில் முதலில் அதை விசாரியுங்கள். சம்பளத்திலிருந்தே கழிக்கப்படும் அந்தக் கடனின் வட்டி, நீங்கள் இப்போது கட்டும் எந்த வட்டியோடும் ஒப்பிட முடியாத அளவு குறைவு. அது கைகூடாவிட்டால் சீட்டைக் கழிவோடு எடுத்துவிடுங்கள். 200,000 ரூபாய்ச் சீட்டை 40,000 விட்டுக்கொடுத்து 160,000 ஆக எடுத்தாலும், இழப்பது வட்டிக்காசின் ஐந்து மாத வட்டிக்குச் சற்றுக் கூடுதலான தொகைதான்; ஆறாம் மாதத்திலிருந்து அது உங்களுக்கு இலாபம். எடுத்த பிறகும் மாதம் 10,000 கட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அதுவும் இனி ஒரு கடன்தான். காசைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கணவரும் கூடப் போகட்டும். பிணையாகக் கொடுத்த வெற்றுக் காசோலை, கையெழுத்திட்ட தாள், வங்கி அட்டை எது இருந்தாலும் அதே இடத்தில் திரும்ப வாங்கி, கணக்கு முடிந்தது என்று எழுத்திலும் பெற்றுக்கொள்ளுங்கள். தெரிந்த மனிதர் என்ற கூச்சத்தில் இதை விட்டுவிட்டுப் பின்னால் அல்லற்படுகிறவர்கள் பலர்.

சீட்டு வழியில் போனீர்களானால் மாதம் 7,500 முழுமையாக விடுபடும். அதைக் கடனட்டைக்கு இப்போது கட்டும் 6,000 உடன் சேர்த்து 13,500 ஆகக் கட்டுங்கள். அட்டையைப் புதிதாக ஒரு ரூபாய்க்கும் பாவிக்காமல் இருந்தால் பத்து மாதமளவில் அந்தக் கடன் முடிந்துவிடும். அதையடுத்து லீசிங்கும் முடிகிறது. அப்போது உங்கள் கையில் மாதம் 28,000 ரூபாய் நிற்கும். அது முழுவதும் நகைக்குப் போக வேண்டும். இடையில் வரும் நகையின் வருட வட்டி 75,000 ரூபாயைக் கணவருக்குச் சீசன் மாதங்களில் கிடைக்கும் சேவைக் கட்டணப் பங்கிலிருந்து சேர்த்து வையுங்கள். கூடுதலாக எடுத்துப் புதுப்பிக்கும் பழக்கத்தை இந்த முறையோடு நிறுத்திவிட வேண்டும். பவுண் விலை ஏறும்போதெல்லாம் கடனையும் ஏற்றிக்கொண்டு போனால், விலை ஏற்றத்தின் நன்மை ஒருநாளும் உங்களிடம் வந்து சேராது.

கணவருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். பவுண் விலை ஏறுகிறது என்பது நகையை அவசரமாக மீட்பதற்குக் காரணமாகாது. வட்டியைத் தவறாமல் கட்டிவந்தால் வங்கிப் பெட்டகத்தில் இருக்கும் நகையும் உங்களுடைய நகைதான், ஏறும் விலையும் உங்களுடையதுதான். அடுத்த முறை புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அடகுத் துண்டில் வைக்காமல் தனித்தனித் துண்டுகளாக வைத்துத் தரும்படி கேளுங்கள். அப்போது காசு சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம். தாலிக்கொடியை விற்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆனால் வருடக்கணக்கில் அணியாத ஒரு சங்கிலியோ காப்போ அந்த அடகில் இருந்தால், அதை விற்று மற்றவற்றின் கடனைக் குறைப்பதைப் பற்றி இருவரும் அமைதியாகப் பேசிப் பார்க்கலாம். செய்கூலியும் சேதாரமும் கைவிட்டுப் போகும் என்பது உண்மை. வருடா வருடம் கட்டும் வட்டியும் அப்படித்தான் போகிறது.

அம்மாவின் கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. உறவில் வாங்கிய காசு மனத்தை அரிக்கும். ஆனால் மச்சாளை வருத்துவது காசு தாமதிப்பதைவிட, அதைப் பற்றி நீங்கள் பேசாமல் இருப்பதாகவே பெரும்பாலும் இருக்கும். தன் சகோதரியோடு பேச வேண்டியவர் கணவர். நிலைமையை மறைக்காமல் சொல்லி, சீட்டு முடிந்த மாதத்திலிருந்து அந்த 10,000 ரூபாயை அவருக்கு அனுப்பத் தொடங்குவோம் என்று ஒரு மாதத்தைக் குறித்துச் சொல்லட்டும்.

இனி வீட்டுச் செலவு. அலஸ்தோட்டத்தில் உங்கள் சீதன வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் வாடகை இல்லை. அது பெரிய அனுகூலம். நிலாவெளிப் பக்கத்துக் ஹொட்டல்களுக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான் நல்ல வருமானம். ஆகவே கணவரின் ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தை வைத்தே வருடம் முழுவதற்கும் செலவைத் திட்டமிட்டு, சீசனில் கூடுவது முழுவதையும் கடனுக்கு ஒதுக்குங்கள். சீசனில் கை தாராளமாகி, வாடைக்காற்றுக் காலத்தில் மறுபடி கைமாற்று வாங்குவதுதான் நம் கரையோரக் குடும்பங்களைச் சுற்றிச் சுற்றிக் கடனுக்குள் வைத்திருக்கிறது.

அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்காமல், பெரும்போக அறுவடை முடிந்து நெல் விலை இறங்கும் மாசி, பங்குனியில் தம்பலகாமத்திலோ கிண்ணியாப் பக்கத்திலோ தெரிந்த விவசாயியிடம் நெல்லாக வாங்கி, அவித்து மில்லில் குற்றுவித்தால் பல மாதத்துக்குக் கவலை இல்லை. மீனை ஒருநாளும் குறைக்க வேண்டாம். மீனின் வகையை மாற்றுங்கள். பாரையும் சீலாவும் வாங்கும் காசில் கால் பங்குக்குச் சூடையோ கீரியோ வாங்கலாம், பிள்ளைகளின் உடம்புக்கு அவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மலிவாகக் கிடைக்கும் மீனைக் கருவாடாக்கி வைத்தால், கார்த்திகை மார்கழியில் மீன் விலை கேட்டுத் திகைக்க வேண்டியதில்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை, அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் நிலைக்கட்டணமும் படிப்படியாக ஏறும் முறை நம்முடையது என்பதால், ஒரு படிக்குச் சற்று மேலே நிற்கும் வீடு பத்துப் பன்னிரண்டு அலகைக் குறைத்தாலே பட்டியலில் வித்தியாசம் தெரியும். தினமும் ஒரு உடுப்பாக அயன் பண்ணாமல் வாரத்துக்கொரு முறை எல்லாவற்றையும் சேர்த்து அயன் பண்ணுவதிலிருந்து தொடங்கலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஓட்டை கொண்டாட்டங்களில் இருக்கிறது. சாமத்தியச் சடங்கு, கலியாணம், வீடு குடிபூரல் என்று ஒவ்வொன்றுக்கும் புதுச் சாறியும், சபையில் குறையாத காசு உறையும், வாகனச் செலவும் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளம் ஓசையின்றிக் கரைந்துவிடுகிறது. வருடத்துக்கு இவ்வளவுதான் என்று இருவரும் ஒரு தொகையைத் தீர்மானித்து, கடன் முடியும்வரை அதை மீறாதிருங்கள். நெருங்கிய உறவுக்குப் போங்கள், முன்னதாகவே போய் வேலையில் கைகொடுங்கள். உறையில் இருப்பதைச் சிறிதாக்குங்கள். பழைய சாறியைப் பற்றிப் பேசுகிறவர் உங்கள் வட்டியைக் கட்டப் போவதில்லை.

சம்பளம் வந்த மறுநாள் இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, ஒரு கொப்பியோடு இருவரும் உட்காருங்கள். எந்தக் கடன் எவ்வளவு இறங்கியது என்று ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத வேண்டும். இருவருக்கும் மாதத்துக்கு ஒரு சிறு தொகை, மற்றவர் கணக்குக் கேட்காத காசாக, இருக்கட்டும். அவருக்குத் தேநீர்க் கடையும் உங்களுக்குப் பூவும் மறுக்கப்படும் சிக்கனம் மூன்று மாதம்கூடத் தாங்காது. ஞாயிறு மாலையில் பக்கத்துக் கடற்கரைக்குப் பிள்ளைகளோடு நடந்து போய் வருவதற்குக் காசு வேண்டாம். அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கணவர் மேசன். அவருக்குத் தெரியாமல் மகளிர் குழுவில் சேர்ந்து 100,000 ரூபாய் நுண்கடன் எடுத்தேன். எடுத்த முழுத் தொகைக்கும் நூற்றுக்கு 24 வட்டி, ஒரு வருடம், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். அதைக் கட்ட முடியாமல் இன்னொரு இடத்தில் எடுத்தேன். இப்போது இரண்டுக்கும் கட்ட முடியவில்லை. அவருக்குச் சொல்லாமல் இதிலிருந்து வெளியே வர வழி உண்டா?
ஒரு வாசகி, மூதூர்

பதில்: சொல்லாமல் வெளியே வர எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, தங்கச்சி. ஒரு கடனை அடைக்க இன்னொன்றை எடுத்ததும், அவருக்குத் தெரியக்கூடாது என்பதால்தானே நேர்ந்தது. அவர் அறிந்திருந்தால் இரண்டாவது கடன் வந்திராது.

24 வீதம் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் கொடுப்பது அதைவிட அதிகம். கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ தொடக்கத்து முழு இலட்சத்துக்கும் கடைசிக் கிழமை வரை கணக்கிடப்படுகிறது. குறையும் முதலுக்கே வட்டி என்று கணக்கிட்டால் அது வருடத்துக்கு 40 வீதத்தையும் தாண்டும். இந்தச் சுமை உங்கள் ஒருவருடையது அல்ல. நுண்கடனால் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட துன்பத்தைக் கண்டே 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், திருகோணமலை உட்பட, ஒரு இலட்சம் ரூபாய் வரையான நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அதே வருடம் மத்திய வங்கியும், தன்னிடம் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது. ஆகவே வெட்கத்தை விடுங்கள், நீங்கள் களவெடுக்கவில்லை.

இரண்டு கடனின் துண்டுகளையும் எடுத்து, எடுத்த தொகை, கட்டியது, மிச்சம், கடன் எடுத்த காரணம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். அவர் வேலையால் களைத்து வந்த நேரத்தில் வேண்டாம். வேலையில்லாத ஒரு நாளில், அவரும் நீங்களும் மட்டும் இருக்கும்போது, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். கைநீட்டுவார் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் தனியாகச் சொல்லவே வேண்டாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் போங்கள்.

பிறகு இருவருமாக இரண்டு கம்பனிகளின் கிளைக்கும் போய், தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வீட்டு முற்றத்துக்கு வரும் வசூலிப்பவரோடு இதைப் பேசிப் பயனில்லை. ஒன்றாவது உரிமம் பெறாத இடமோ என்று சந்தேகமிருந்தால், திருகோணமலையில் உள்ள மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்தில் விசாரிக்கலாம். மூன்றாவது கடன் மட்டும் வேண்டாம், யார் தந்தாலும்.

கேள்வி: நிலையான வைப்பில் 200,000 ரூபாய் இருக்கிறது, வட்டி 8 வீதம். மகளின் சிறுவர் கணக்கிலும் கொஞ்சம் உண்டு. கடனட்டையில் 100,000 நிலுவை. சேமிப்பைத் தொடக்கூடாது என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?
ஒரு வாசகர், உவர்மலை

பதில்: வைப்பு முழுவதும் சேர்ந்து வருடத்துக்கு 16,000 ரூபாய் தருகிறது; அதில் பாதி அளவான கடனட்டை நிலுவை, 28 வீதமென்றால், 28,000 ரூபாயை எடுக்கிறது. வைப்பை முன்கூட்டியே உடைப்பதால் வட்டியில் குறையும் தொகையை வங்கியில் கேட்டறிந்து, அதையும் மனைவிக்குக் காட்டிய பிறகு உடையுங்கள். கடனட்டையைத் தீர்த்து மிஞ்சும் 100,000 ரூபாயை, இருவரில் ஒருவருக்கு வேலை நின்றாலோ நோய் வந்தாலோ எடுப்பதற்காக, இருவரின் பெயரிலும் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மனைவியின் பயம் நியாயமானது, அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். மகளின் சிறுவர் கணக்கைப் பொதுவாக அவள் 18 வயதை அடையும்வரை எடுக்க முடியாது. அது அப்படியே இருக்கட்டும்.