லாரி மோட்டார்ஹோம்: கேபின் குலுக்கல் குறையுமா?

கேள்வி: லாரி சேஸிஸ்ல மோட்டார்ஹோம் (உள்ளயே தங்குற வீட்டு வண்டி) கட்டிருக்கோம். பின்னாடி பரவால்ல, முன்னாடி கேபின்ல உட்கார்ந்தா முதுகு போகுது. கேபினுக்கு ஏர் சஸ்பென்ஷன் (காத்துப் பை ஸ்பிரிங்) போட்டா சரியாயிடுமா?

பதில்: ஓரளவு குறையும், ஆனா அதுக்கு முன்னாடி தண்ணி, சாமான் எல்லாம் ஏத்தி ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் தனித்தனியா எடை போட்டு பாருங்க, ஏன்னா நிறைய பேர் ஃபுல் லோடு லாரிக்கு சொன்ன காத்தையே அடிச்சு வச்சிருப்பாங்க, டயர் கல்லு மாதிரி இருக்கும். டயர் கம்பெனி டேபிள்ல உங்க எடைக்கு என்ன பிரஷரோ அத வைங்க. அடுத்து கேபினுக்கு அடியில இருக்கிற ரப்பர் புஷ் தேஞ்சிருக்கா, சின்ன ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசியுதான்னு பாருங்க (இத யாரும் குனிஞ்சே பாக்கறதில்ல). ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் அப்புறம்தான். முக்கியமா, கேபின்லருந்து வீட்டுக்குள்ள போற வழி வச்சிருந்தா நடுவுல மடிப்பு ரப்பர்தான் இருக்கணும், ரெண்டையும் சேத்து போல்ட் போட்டு இறுக்கிட்டா சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாத கதைதான்.