திருகோணமலைக்கு வேலை மாறி வருகிறீர்களா? எந்தப் பகுதி, எந்த வீடு: கேள்வி பதில்

இடமாற்றத்திலோ முதல் நியமனத்திலோ திருகோணமலைக்கு வரும் இளையவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டாம். அது ஒழுங்கைக்கு ஒழுங்கை, மாதத்துக்கு மாதம் மாறும். எந்தப் பகுதி, எப்படிப்பட்ட வீடு, எதைப் பார்த்த பிறகு முற்பணம் கொடுப்பது என்று கேளுங்கள்.

கண்டியிலிருந்து, மாகாணத் திணைக்களத்தில் புது நியமனம்: அண்ணா, அலுவலகம் உவர்மலையில். பைக் இல்லை. உவர்மலையிலேயே அறை எடுக்கவா, உப்புவெளிப் பக்கம் போகவா?

உவர்மலை, தம்பி. மாகாண அலுவலகங்கள் உவர்மலையிலும் கன்னியா வீதியில் வரோதயநகரிலுமாகப் பிரிந்திருக்கின்றன. எனவே நியமனக் கடிதத்தில் உள்ள முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். "மாகாண சபை" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீடு எடுத்தவர்கள் தினமும் ஊரின் மறுபக்கம் ஓடவேண்டி வரும்.

அலுவலகம் உவர்மலைதான் என்றால் நடக்கும் தூரத்தில் பாருங்கள். உப்புவெளி நகரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். நிலாவெளி வீதியில் பஸ்ஸும் ஓடும். ஆனால் மாலை ஆறு, ஏழு மணிக்குப் பிறகு பஸ் குறையும். அலுவலகத்தில் ஒரு கூட்டம் இழுபட்டால் ஓட்டோவில்தான் திரும்ப வேண்டும். மாதத்தில் பத்து நாள் அப்படி ஓட்டோ பிடித்தால், உவர்மலையில் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய வாடகை அதிலேயே போய்விடும்.

உவர்மலையில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மேட்டில் உள்ள வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் குறையலாம். நிலத்தொட்டியும் அதிலிருந்து மேலே ஏற்ற மோட்டாரும் உண்டா என்று பாருங்கள். இரண்டு, மேற்குச் சுவர் மறைப்பில்லாமல் வெயிலைப் பார்த்து நிற்கும் மேல்மாடி அறை. வைகாசி முதல் ஆவணி வரை அதில் தூங்க முடியாது. பகல் இரண்டு மணிக்குப் போய் அந்த அறைக்குள் கால் மணி நேரம் நின்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். வீட்டுக்காரர்கள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் எல்லா அறையும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வங்கி: கிணற்றுத் தண்ணி நல்லதோ கெட்டதோ என்று வீடு பார்க்கப் போன நேரத்திலேயே கண்டுபிடிக்க வழி உண்டோ?

உண்டு. கடலுக்கு அருகான மணல் நிலங்களில், திருக்கடலூர் முதல் நிலாவெளி வரை, கிணற்று நன்னீர் உப்பு நீரின் மேல் ஒரு படையாகத்தான் நிற்கிறது. மாரியில் அந்தப் படை தடிக்கும், கோடையில் மெலியும். மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். தை மாதம் பார்த்த கிணறு இனிக்கும், ஆனி மாதம் அதே கிணறு கரிக்கும். பக்கத்தில் பத்து அறை உள்ள விடுதி இருந்து, அதற்கும் ஆழ்கிணறு இருந்தால் இன்னும் சீக்கிரம் கரிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டீடிஎஸ் மானி பேனா அளவில் விற்கிறார்கள், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் தண்ணீரை அளவுங்கள். தாங்கியில் நின்ற தண்ணீரை அளந்து பயனில்லை. மானி காட்டும் எண் 500க்குள் இருந்தால் கவலையில்லை. 1000 தாண்டினால் நாக்குக்கே தெரியும், சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும், குளியலறைக் குழாய்கள் அரிக்கும். மாரியில் வீடு பார்ப்பவர்கள் மானியை மட்டும் நம்பாமல் கேத்தலின் உள்ளேயும் குழாய் வாயையும் பாருங்கள். போன கோடையின் கதை அங்கே படிந்திருக்கும்.

மானி கிருமியைக் காட்டாது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும். நகருக்குள் துண்டு வளவுகளில் உங்கள் வீட்டுக் குழி தூரத்தில் இருந்தாலும் மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி கிணற்றை ஒட்டியே இருக்கும். மதிலுக்கு மேலால் எட்டிப் பாருங்கள். சந்தேகமென்றால் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். ஆனால் கொதிக்கவைத்தால் உப்புப் போகாது, சாதாரண வடிகட்டியிலும் போகாது. குடிக்கவும் சமைக்கவும் நீர் வழங்கல் சபையின் குழாய் இணைப்பு உள்ள வீடாக எடுத்து, கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்வதே நல்லது.

மட்டக்களப்பிலிருந்து, சீனன்குடாவில் தொழிற்சாலை, முறை வேலை: ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. எங்கே தங்கலாம் அண்ணன்?

பாலையூற்றுப் பக்கம் பாருங்கள். அனுராதபுரச் சந்திக்கு வெளியே கண்டி வீதியில் இருப்பதால் நகர நெரிசலுக்குள் நுழையாமலே சீனன்குடாவுக்குப் போகலாம். பள்ளிக்கூடம் தொடங்கும் ஏழு, ஏழரை மணியும் விடும் ஒன்றரை மணியும்தான் நகரம் அடைக்கும் நேரம். உங்கள் முறை மாறும் நேரமும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். கண்டி வீதியில் மா, சீமெந்து ஏற்றிய கனரக லொறிகள் இரவிலும் ஓடும். வீதியோரத்து அறை வேண்டாம், உள்ளே இரண்டு ஒழுங்கை தள்ளிப் பாருங்கள்.

உங்களுக்குப் பகுதியைவிடக் கூரை முக்கியம். இரவு வேலை செய்பவர் பகலில் தூங்க வேண்டும். சீற் கூரை பகலில் அனலாகக் கொதிக்கும், பொழுது பட்டதும் சீக்கிரம் ஆறிவிடும். கொங்கிறீட் தட்டு அதற்கு எதிர்: வெயிலை மெதுவாகக் குடித்து, பின்னேரம் தொடங்கி நடுச்சாமம் வரை கீழே விடும். ஆகவே பகலில் அலுவலகம் போய் இரவில் தூங்குபவருக்கு ஓட்டுக் கூரையோ, உட்கூரை அடித்த சீற்றோ போதும். முறை வேலைக்காரருக்கு மேலே இன்னொரு மாடி உள்ள வீட்டின் கீழ்த்தளமே சரி. அது இரண்டு நேரமும் காக்கும்.

கொழும்பிலிருந்து, மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே: உப்புவெளியில் கடற்கரையோரம் அனெக்ஸ் எடுக்கலாமா?

ஃபைபர் இணைப்பு அந்த ஒழுங்கைக்குள் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரதான வீதிவரை வந்திருக்கிறது என்பது போதாது. பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது பருவம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்குச் சித்திரை முதல் புரட்டாதி வரை சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். கார்த்திகையில் மலிவாகக் கிடைக்கும் அனெக்ஸை வீட்டுக்காரர் பங்குனியில் திருப்பிக் கேட்கலாம். நாள் வாடகையில் அவருக்கு அதைவிடக் கூடுதல் வரும். அடுத்த புரட்டாதி முடியும்வரை என்று உடன்படிக்கையில் திகதி போட்டு எழுதுங்கள், அல்லது இன்னும் உள்ளே போய் எடுங்கள்.

கடற்காற்றில் உப்பு வரும். ஏசியின் வெளி அலகு, சைக்கிள் சங்கிலி, கேற் பிணைச்சல் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பைக்கைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள். கிணறு உப்பென்றால் அந்தத் தண்ணீரில் கழுவக்கூடாது.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒருவர்: வருகிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம் அண்ணா. கடற்கரையில் வீடு எடுத்தால் விசிறியே தேவையில்லை. உவர்மலைக்காரர்தான் ஏசி போட்டுச் சாகிறார்கள்.

இந்தக் கருத்தை நம்பி வீடு எடுத்து நொந்தவர்கள் நிறைய. கோடையில் இந்த ஊருக்கு அடிப்பது கச்சான். மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து வரும் காற்று. அது உப்புவெளிக்குக் கடலிலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து வருகிறது. கடல் பார்த்த யன்னல் அந்த நேரம் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.

அலஸ்தோட்டம்: பின்னேரம் மூன்று மணிக்குக் கடற்காற்று திரும்பி அடிப்பதை மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை. கச்சான் தளர்ந்த நாளில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரும், வெக்கை சட்டென்று இறங்கும். கச்சான் பலத்து அடிக்கும் நாளில் அது கரைக்கு ஏற முடியாது. வந்தாலும் அலுவலகம் போகிறவர் அந்த நேரம் வீட்டில் இல்லை. இரவில் காற்று மறுபடி தரையிலிருந்துதான். எனவே கடற்கரை வீடென்றாலும் மேற்குப் பக்கம் ஒரு யன்னல், அதற்கு நேரே கிழக்கில் இன்னொன்று, இரண்டும் வலை அடித்துத் திறந்து வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேற்கில் ஒரு வேம்போ மாமரமோ நின்றால் இன்னும் நல்லது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவருக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: கூரையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. சூறாவளி வந்தால் தட்டு வீடுதான் நிற்கும். புது ஆட்களைச் சீற் கூரைக்கு அனுப்பாதீர்கள்.

நியாயமான கருத்து. 1964 டிசம்பர் சூறாவளி இந்த ஊரைத் தாக்கியது. 2020 டிசம்பரில் புரெவி நகருக்கு வடக்கே கரையேறியது. சீற் கூரை எடுப்பவர்கள் மரத்தில் வெறும் ஆணி அடித்திருக்கிறதா, கொளுக்கி ஆணி போட்டு முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு வரிசையில் ஆணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், காற்று முதலில் தூக்குவது அந்த வரிசையைத்தான். தென்னைமரம் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் வீட்டை எடுக்க வேண்டாம். தட்டு வீட்டிலேயே இருக்க விரும்பினால், வீட்டுக்காரரின் அனுமதியோடு மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் கிடுகுப் பந்தல் போட்டால் அதைவிட நல்ல பலன் தரும். ஆனால் ஐப்பசிக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

அலஸ்தோட்டம்: கிடுகுப் பந்தலில் பாம்பும் எலியும் குடிவரும்.

மரக்கிளை தட்டைத் தொடாமல் வெட்டிவிட்டால் குறையும். இந்த விவாதத்தை இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து, தாதி உத்தியோகத்தர்: பொது வைத்தியசாலையில் இரவுக் கடமையும் இருக்கு. தனியாக வருகிறேன்.

தங்கச்சி, வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது. பத்து நிமிட நடைக்கு மேல் தூரம் போக வேண்டாம், வாடகை கூடினாலும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே வளவில் இருக்கும் அனெக்ஸ் நல்லது. தனி வாசலும் கேற்றுக்குத் தனித் திறப்பும் உங்களுக்கு வேண்டும். இரவு பத்து மணிக்குக் கேற்றைப் பூட்டிவிடும் வீடு முறை வேலைக்கு ஒத்துவராது. இதை முதலிலேயே கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அந்த வழியால் நடந்து பாருங்கள். எந்த மின்கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்த வளைவில் ஆள் நடமாட்டமில்லை என்பது அப்போதுதான் தெரியும். பகலில் தூங்க வேண்டியிருப்பதால், சீனன்குடாத் தம்பிக்குக் கூரை பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

மின்மானி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மானியில் இருந்தால் இருவரின் அலகும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். நீங்கள் ஐம்பது அலகு எரித்தாலும் மேல் படியின் விலையில் பங்கு கேட்பார்கள். துணைமானி இருந்தாலும் எந்த விலையில் கணக்குப் போடுவது என்பதை எழுத்தில் எடுங்கள்.

கல்முனையிலிருந்து, கிண்ணியாவில் ஆசிரியர் நியமனம்: நானா, நகரத்தில் இருந்து போய்வரலாமா?

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு போய்வர முடியும். ஆனால் தினமும் காலை ஏழரைக்கு முன் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டுமென்றால் கிண்ணியாவிலேயே எடுங்கள். பாலம் நீளமானது, மறைப்பில்லாதது. மாரிக் காற்றில் ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். தாழ்ந்த வளவு வேண்டாம். சுவரில் பழைய வெள்ளக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் கதவு நிலையின் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள்.

பெயரில்லாமல்: உப்புவெளி நல்ல ஏரியாவா?

மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். தண்ணீர், பருவம், மேற்கு யன்னல் மூன்றையும் வாசியுங்கள்.

மன்னாரிலிருந்து: நிலாவெளியில் வாடகை குறைவாம், வேலை நகரத்தில். எடுக்கலாமா?

கணக்குப் போடுங்கள். ஒரு வழி சுமார் 15 கிலோமீட்டர். நாளுக்கு 30, மாதம் 22 வேலை நாளுக்கு 660. லீட்டருக்கு 40 ஓடும் ஸ்கூட்டிக்குப் பதினாறரை லீட்டர் பெற்றோல். நாலு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம், டயர், பிரேக் தேய்வு தனி. அதை வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். இரவில் அந்த வீதியில் மாடுகள் படுத்துக் கிடக்கும். தாரின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும், கறுப்பு மாடு முன்விளக்கு வெளிச்சத்தில் கடைசி நேரம்வரை தெரியாது. இருட்டிய பிறகு 40க்கு மேல் ஓட வேண்டாம்.

பதுளையிலிருந்து: முற்பணம் ஒரு வருடத்துக்குக் கேட்கிறார்கள். உப்புவெளி அனெக்ஸ் ஒன்று. கொடுக்கலாமா?

பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தீர்களா? இல்லையென்றால் இப்போது கொடுக்க வேண்டாம்.

பார்த்துவிட்டீர்கள் என்றால், அது மாதாமாதம் வாடகையில் கழியும் பணமா, வெளியேறும்போது திரும்பி வரும் பணமா என்று முதலில் தெளிவாக்குங்கள். இரண்டையும் "அட்வான்ஸ்" என்றே சொல்வார்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வீட்டுக்காரர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதாது. வீடு அவர் பெயரில்தானா என்று காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியில் பாருங்கள். வெளிநாட்டில் உள்ள மகனின் பெயரில் இருந்தால், மகனுக்காக ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவப் பத்திரம் கேளுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். குடிபோகும் நாளில் மின்மானி, நீர்மானி இரண்டின் இலக்கத்தையும் படம் எடுத்து இருவரும் கையெழுத்து வையுங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது. குடியேறியதும் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள், வதிவிடச் சான்றிதழுக்கு அது வேண்டும்.

குருநாகலிலிருந்து: கன்னியாப் பக்கம் அமைதியாம்?

அமைதிதான். வெளிப்புறமாகப் போகப் போக யானைப் பயமும் உண்டு, இருட்டுக்கு முன் வீடு திரும்பும் வேலையென்றால் எடுக்கலாம்.

மலையகத்திலிருந்து: கார்த்திகையில் கடமை ஏற்கிறேன். எப்போது வீடு பார்க்க வரலாம்?

இப்போதே வந்து ஒருமுறை வெக்கையில் பாருங்கள். கார்த்திகையில் வந்ததும் முதல் பெருமழை நாளில் அதே வீட்டை மறுபடி பாருங்கள். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை விழும் ஊர் இது. ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மலக்குழி பொங்குகிறதா, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒப்பமிடுங்கள். அதுவரை மாத வாடகைக்கு நகருக்குள் ஒரு போர்டிங் அறையில் இருங்கள்.