தோட்டக் குழு கேள்வி பதில்: ஐப்பசிக்கு முன்னாடி கேட்டதெல்லாம்

எங்க தெருக்கோடியில பத்து குழி இடத்துல பதினோரு வீடு சேந்து காய் போடுறோம். குழுவுல வயசுல மூத்தவன்னு எல்லாரும் என்கிட்டயே கேக்குறீங்க, ஒரு வாரமா சேந்த கேள்விக்கெல்லாம் இன்னைக்கு உக்காந்து பதில் போடுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

மன்னார்குடியிலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, போன வருஷம் ஆடியில வெச்ச கத்தரியும் மொளகாயும் ஜம்முனு வந்துச்சு, ஐப்பசி அடமழையில ஒரே வாரத்துல வாடிப்போச்சு. தண்ணி நிக்கிற எடத்துல ஏண்ணே வாடுது?

தண்ணி நின்னதாலதான் தம்பி. நம்ம ஊரு களிமண்ணுல தண்ணி நின்னா மண்ணுக்குள்ள காத்து இருக்காது, வேர் மூச்சு முட்டி அழுகிடும், அழுகுன வேர் எப்படி தண்ணி இழுக்கும்? செத்த செடிய புடுங்கி வேர மோந்து பாருங்க, பழுப்பா வழவழன்னு நாறுனா இதேதான். இங்க தண்ணி ஊத்துறத விட வடிய வுடுறதுதான் தோட்டவேலை. பாத்திய மூணு அடி அகலம், ஒரு முழம் உசரம் மேடாக்குங்க, மக்குன சாணியும் கருக்காயும் (அரிசி புடிக்காத நெல்லு) கலந்து ஏத்துங்க. நாங்க மொத வருஷம் மேடெல்லாம் அழகா போட்டோம், ஆனா நடுவுல வெட்டுன கால்வாய வெளி வாய்க்காலோட சேக்க மறந்துட்டோம், மழை வந்ததும் தோட்டம் பூரா பல்லாங்குழி மாதிரி குழிக்குழியா தண்ணி, கத்தரி மொத்தமும் போச்சு. அதனால புரட்டாசியிலயே ரெண்டு குடம் தண்ணிய ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துருங்க.

வேதாரண்யம் பக்கம்: ஐயா, எங்க மண்ணு உப்பு. ஜிப்சம் போடச் சொல்றாங்க, போடலாமா?

மொதல்ல மண்ண பரிசோதனைக்குக் குடுங்கம்மா. ஜிப்சம் களர் மண்ணுக்குத்தான், அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்கு. வெறும் உப்புன்னா நல்ல தண்ணி விட்டு கழுவி வடிக்கிறதுதான் வழி, அதுக்கு மழைக்காலத்த விட்டா வேற நேரம் கெடையாது. பீட்ரூட் ஓரளவு தாங்கும், பீன்ஸ் ஆசைய விட்டுருங்க.

திருவையாறு: மாமா, ஆடியில போட்ட பந்தல் அவரை கொடியா ஓடுது, பூவே காணோம்.

அவசரப்படாத மாப்ள. நாட்டு அவரைக்கு பொழுது குறையணும், பனி வுழணும், அப்பதான் பூக்கும். இப்ப யூரியா போட்டியோ, எலைதான் வரும். தை மாசம் பந்தலே தெரியாம காய் தொங்கும். சீக்கிரம் வேணும்னா குத்து அவரை போடு.

ஒரு தங்கச்சி: கொத்தமல்லி மொளைக்கவே இல்லண்ணா.

முழுசா போட்டுருப்ப. செருப்பால லேசா தேச்சு ரெண்டா ஒடைச்சுப் போடு, பத்து நாள் பொறுத்துக்க.

மயிலாடுதுறை: வாய்க்கால் பூரா வெங்காயத்தாமரை. உரமாக்கலாமா?

தாராளமா. பூக்குறதுக்கு முன்னாடி இழுத்துப் போட்டு நறுக்கி, வெயில்ல நல்லா சுருங்க விட்டு, சாணியோட அடுக்கடுக்கா மக்க வைங்க. பச்சையா ஈரத்துல போட்டா திரும்ப துளுத்துரும். ஒண்ணே ஒண்ணு, சாக்கடை கலக்குற வாய்க்கால்ல எடுக்காதீங்க, அந்தச் செடி தண்ணியில இருக்குற கெட்ட உலோகத்தையெல்லாம் உறிஞ்சி வெச்சுக்கும்.

கும்பகோணம்: நாங்களும் குழு ஆரம்பிச்சோம் சார். தண்ணி ஊத்த ரெண்டு பேர், காய் பறிக்க இருவது பேர். என்ன பண்றது?

ஹாஹா, இது இல்லாத குழுவே கெடையாது! நாங்க முறை வெச்சோம், வயலுக்கு முறை வெச்சு தண்ணி விடுறாப்ல, வீட்டுக்கு ஒரு நாள், செவுத்துல சாக்பீஸ்ல எழுதியிருக்கும். முறை தவறுன வீட்டுக்கு அந்த வாரம் காய் கெடையாதுன்னு சட்டம் போட்டோம், மொதல்ல மாட்டுனது நான்தான், வீட்டுல கேட்டாங்க பாருங்க கேள்வி! வெதைக்கும் ஒரு கணக்கு உண்டு. பாரம்பரிய நெல் ரகங்கள மீட்டவரு நெல் ஜெயராமன், 2018-ல தவறிட்டாரு, அவரு நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ பாரம்பரிய நெல்லு குடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பி வாங்குனாரு இல்ல, அதையே நாங்க கைப்பிடிக் கணக்குல பண்றோம். வெண்டை, அவரை, கீரையில ஆரம்பிங்க. ஹைப்ரிட் வெதைய எடுத்து வெச்சா அடுத்த வருஷம் அதே காய் வராது, அத மட்டும் சொல்லிருங்க, இல்லனா சண்டை வரும்.

பட்டுக்கோட்டை: முருங்கை புயலுக்கு நிக்குமாண்ணே?

2018 நவம்பர் 16 கஜாவுல உங்க பக்கம் தென்னையே சாஞ்சுது, முருங்கை எந்த மூலைக்கு. அதுக்காக வெக்காம இருக்க முடியுமா? மேடான எடத்துல வைங்க, புரட்டாசிக்குள்ள ஒரு மூணடி விட்டு மேல கழிச்சு விட்டுருங்க, காத்து புடிக்க தலை இருக்காது, பொறவு நல்லா துளுக்கும். வெட்டுன கெளைய தூக்கிப் போடாதீங்க, நடுறதுக்குப் போத்தா (குச்சியா) நறுக்கி பக்கத்து வீடுகளுக்குக் குடுங்க. நம்ம குழுவுக்கும் ரெண்டு எடுத்து வைங்க, அந்தப் பக்கம் வரப்ப வாங்கிக்கிறேன்.