ஊரின் நலத்தை அளக்க எந்த மரக்கால்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் சிமெண்ட் சாலை, தெருவிளக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அங்கன்வாடி எல்லாம் இருக்கின்றன. இப்போது ஊராட்சி முன்னேற்றக் குறியீடு என்று ஊர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மக்கள் நலமாக இருக்கிறார்களா என்பது அந்த மதிப்பெண்ணில் தெரிந்துவிடுமா, ஐயா?
– முக்கூடல் பக்கத்து வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: பாதி தெரியும். ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அந்தக் குறியீடு, 2022–23ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு, வறுமை ஒழிப்பு, உடல்நலம், குழந்தைகள், நீர், தூய்மை, உள்கட்டமைப்பு, சமூகப் பாதுகாப்பு, நல்லாட்சி, மகளிர் நலம் என்னும் ஒன்பது கருப்பொருள்களில் 435 சுட்டிகளை, அதாவது அளந்து பார்க்கும் விவரங்களை, பார்த்தது. போட்ட சாலையின் நீளத்தையே வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சுட்டிகளில் பல, அலுவலகப் பதிவேடுகளைப் பார்த்து நிரப்பப்படுபவை. குழாய் இணைப்பு இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, அதைப் பிடிக்க யாருடைய தூக்கம் கெடுகிறது என்பதை வீட்டில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

உங்கள் பகுதியையே பாருங்கள். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண், வருமானக் கணக்கில் ‘வேலை உள்ளவர்’. விடியலில் சமையல், பகலெல்லாம் பீடி, இரவில் மறுநாளைக்கு இலை வெட்டுதல் என்று அவருடைய நாள் கழிவது அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. பூட்டான் நாட்டின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் குறியீட்டில் ஒன்பது களங்களும் 33 சுட்டிகளும் உண்டு. அக்களங்களுள் ஒன்று, நேரப் பயன்பாடு: ஒருவர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார், எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்பதை அங்கே வளர்ச்சிக் கணக்காகவே எழுதுகிறார்கள். இந்த ஒரு கேள்வியை உங்கள் வார்டில் கேட்டாலே போதும், அடுத்த தீர்மானம் இன்னொரு சிமெண்ட் சாலையா, பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்ளும் ஓர் இடமா என்பது வேறு விதமாகத் தோன்றும்.

கேள்வி: மகிழ்ச்சியைச் சுழியத்திலிருந்து பத்து வரை எண்ணாகக் கேட்பது விளையாட்டு அல்லவா? மனநிறைவுக்கு ஏது அளவுகோல்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: விளையாட்டு என்று நானும் முதலில் நினைத்ததுண்டு. பிரித்தானியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் நான்கு கேள்விகளை ஆண்டுதோறும் கேட்டு வருகிறது: வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது, செய்பவை பொருளுள்ளவையாகத் தோன்றுகின்றனவா, நேற்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள், நேற்று எவ்வளவு கவலையாக இருந்தீர்கள். விடைகளை உள்ளாட்சிவாரியாகப் பிரித்தும் வெளியிடுகிறது. தனி மனிதரின் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. ஆயிரக்கணக்கானோரின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு எங்கே சரிகின்றன என்பதற்குப் பொருள் உண்டு.

ஆனால் அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் தோற்றுப்போவோம். “எப்படி இருக்கிய?” என்று கேட்டால், “ஏதோ இருக்கோம்” என்பதுதான் நம்மவர் மறுமொழி. அது பத்தில் மூன்றா, ஏழா? நீண்ட காலம் குறையோடு வாழ்ந்தவர்கள் தம் ஆசையையே சுருக்கிக்கொண்டு நிறைவாக இருப்பதாகச் சொல்லிவிடக்கூடும் என்று அமர்த்தியா சென் எச்சரித்திருக்கிறார். அவரும் பொருளியலாளர்களான ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ழான் பால் ஃபித்தூசியும் வழிநடத்திய ஆணையம், 2009இல் தந்த அறிக்கையில், வாழ்நிலையின் புறத் தரவுகளோடு மக்கள் தம் வாழ்வைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்தே திரட்ட வேண்டும் என்றது இதனால்தான். ஒன்று மற்றொன்றைத் திருத்தும்.

எனவே எண்ணைக் கேட்கும் இடத்தில் நடந்ததைக் கேட்கலாம். கடந்த ஆண்டில் மருத்துவச் செலவுக்காக நகையை அடகு வைத்தீர்களா? கடைசிப் பேருந்தில் இறங்கினால் தனியாக வீட்டுக்கு நடந்து வருவீர்களா? 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது யார் வீட்டில் தங்கினீர்கள், யார் சோறு தந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு பெயர்கூட இல்லாத வீடு, எத்தனை மாடி கட்டியிருந்தாலும், நலமான வீடு என்று நான் எழுதமாட்டேன்.

அளவுகோல் ஏது என்று கேட்டீர்கள். கோட்டையும் மரக்காலும் நெல் அளக்கும் அளவைகள். நெல்லைச் சீமையில் வயலையே கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று, அதில் விதைக்கப் பிடிக்கும் நெல்லை வைத்து அளந்தவர்கள் நம் முன்னோர். எதற்காக அளக்கிறோமோ அதுவே அவர்களுக்கு அளவாக இருந்தது.

கேள்வி: மாவட்டப் புள்ளிவிவரங்களே கிடைக்கும்போது ஊர்தோறும் தனியாக ஏன் எடுக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, ராதாபுரம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது வியப்பாக இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் மாவட்ட அறிக்கைகள் 2017 மார்ச் நிலவரப்படியான மாவட்ட எல்லைகளைக் கொண்டவை. தென்காசி தனி மாவட்டமானதோ 2019 நவம்பரில். அதாவது அந்த அறிக்கையில் ‘திருநெல்வேலி’ என்பது சங்கரன்கோவிலையும் சேர்த்த பழைய மாவட்டம். எல்லை சரியாகவே இருந்தாலும், ஆற்றுக்கால் பாயும் அம்பாசமுத்திரத்தையும் மழையை நம்பியிருக்கும் உங்கள் வட்டாரத்தையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரி, இரண்டு ஊருக்கும் பொருந்தாது. ஊருக்குள்ளும் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. கிராம சபையில் எழுந்து பேச எந்தத் தெருக்காரர் தயங்குகிறார் என்பதைப் பிரித்துப் பார்க்காத கணக்கு, நம் மாவட்டத்தில் பாதிக் கணக்குதான்.

கேள்வி: கணக்கு எடுத்தபின் அது அலமாரிக்குத்தானே போகும்?
– மகளிர் சுயஉதவிக் குழுச் செயலாளர், சேரன்மகாதேவி

பதில்: போகாமலிருக்க வேல்ஸ் நாடு 2015இல் ஒரு சட்டமே இயற்றியது. அங்கே ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதியிலும் உள்ள பொதுச்சேவை வாரியம் முதலில் நலநிலை மதிப்பீட்டை வெளியிட வேண்டும். அதை அடிப்படையாகக் கொண்டே உள்ளூர் நலத்திட்டத்தைத் தீட்ட வேண்டும். நம்மிடம் அத்தகைய கட்டாயம் இல்லை; ஆனால் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைக் கிராம சபையில் வைக்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் சபை கூடுகிறது. அக்டோபர் 2ஆம் நாள் கூட்டத்தில் கணக்கை வாசித்து, எந்தத் தெருவின் எந்தக் குறைக்கு எந்தப் பணி என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மதிப்பெண்ணுக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். இலக்காகிவிட்ட அளவு பின்பு நல்ல அளவாக இருப்பதில்லை என்பது பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் கருத்தாக வழங்குவது. பரிசுக்காகப் பதிவேடு திருத்தப்படுவதைக் கண்டவர்களுக்கு அது புதிதல்ல. மற்றொன்று, கேட்கப் போகிறவர் அதே தெருக்காரராக இருக்க வேண்டாம். அடகு வைத்த நகையைப் பற்றி அடுத்த வீட்டாரிடம் யாரும் சொல்லமாட்டார்கள். பன்னிரண்டு கேள்விகள் போதும். பெரிய ஊரில் சீட்டுக் குலுக்கி வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். நாற்பது வீடுள்ள குக்கிராமமாக இருந்தால் ஒரு வீட்டையும் விடாதீர்கள். உங்கள் குழுவினர் மேற்குத் தெருவுக்கும், மேற்குத் தெருக் குழுவினர் உங்கள் தெருவுக்கும் போனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.