ஓடுபாதைப் பக்கம்: வாசகர் கேள்வி, விமானி பதில்

கேள்வி: சிறு விமானம் ஓட்டப் பழகுகிறேன். 40 நிமிடத் தொலைவிலுள்ள விமான நிலையத்துக்குக் காலை 6.30-க்குக் கிளம்ப இருந்தேன். அந்த நிலையத்தின் 6 மணி மெட்டாரில் (விமான நிலையத்தின் அப்போதைய வானிலை அறிக்கை) பார்வைத்தூரம் 8 கி.மீ., மேகமே இல்லை, காற்று வெறும் 3 நாட் (மணிக்குச் சுமார் 5.5 கி.மீ.). கண்ணால் பார்த்துப் பறக்க எங்களுக்கு 5 கி.மீ. போதும். ஆனாலும் பயிற்றுநர், ‘ஒன்பது மணிக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார். 4, 5 மணி அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். அவர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறாரா?

பதில்: பயிற்றுநராக இருந்த காலத்தில் நானும் உங்களை அனுப்பியிருக்க மாட்டேன். நீங்கள் 6 மணி அறிக்கையை மட்டும் படித்தீர்கள். அவர் மூன்றையும் வரிசையாகப் படித்திருக்கிறார். வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 4 மணிக்கு 21/18, 5 மணிக்கு 20/18, 6 மணிக்கு 19/18. இடைவெளி மூன்று, இரண்டு, ஒன்று எனச் சுருங்கிக்கொண்டே வருகிறது. அது பூஜ்யத்தை நெருங்கினால் மூடுபனி எழலாம். மெட்டாரில் முழு எண்தான் போடுவார்கள். அதனால் அந்த ‘ஒன்று’ உண்மையில் கால் டிகிரியாகக்கூட இருக்கலாம். முதல் இரண்டிலும் 10 கி.மீ.யைத் தாண்டியிருந்த பார்வைத்தூரம் மூன்றாவதில் 8 ஆகிவிட்டது. காற்றில் ஈரம் கட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மேகமில்லை, காற்றில்லை என்று நீங்கள் மகிழ்ந்ததுதான் எனக்குச் சிரிப்பு. மூடுபனி கேட்பதும் அதையேதான்! மேகப் போர்வை இல்லாததால் தரை இரவெல்லாம் வெப்பத்தை இழக்கிறது. 3 நாட் காற்று அந்தக் குளிர்ச்சியைக் கொஞ்சம் மேலே கிளறிவிடுகிறது. சூரியன் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். முதல் வெயில் காற்றைக் கலக்கும்போது மூடுபனி இன்னும் அடர்வதுண்டு. 7.10-க்கு நீங்கள் போய்ச் சேரும்போது ஓடுபாதை கண்ணில் படாமலே போகலாம். ஒன்பது மணி வாக்கில் தரை சூடேறி இடைவெளி விரிந்துவிடும்.

டாஃப் என்னும் விமான நிலைய வானிலை முன்னறிவிப்பையும் பாருங்கள். ஆனால் அது நிலையத்தையும் அதைச் சுற்றிச் சுமார் 8 கி.மீ.யையும் பற்றித்தான் பேசும். வழியில் ஆறோ பள்ளத்தாக்கோ இருந்தால் அதற்குப் பொறுப்பேற்காது.

கேள்வி: ஓடுபாதை 09, அதாவது திசை சுமார் 90 டிகிரி. மெட்டாரில் காற்று 120 டிகிரி, 12 நாட். குறுக்குக் காற்று (ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வீசும் பங்கு) 6 நாட் தானே?

பதில்: உங்கள் ஊரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 6 தான். மெட்டார் உண்மை வடக்கை வைத்துத் திசை சொல்கிறது. ஓடுபாதை எண் காந்த வடக்கை வைத்தது. காந்த வடக்கு உண்மை வடக்குக்கு 15 டிகிரி மேற்கே இருந்தால், காந்தக் கணக்கில் காற்று 135 ஆகிவிடும். குறுக்குக் காற்றும் எட்டரை நாட்டைத் தொடும். தரையிறங்கும்போது கட்டுப்பாட்டு டவர் வாயால் சொல்லும் காற்று காந்தத் திசையிலேயே வரும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூடவே 20 நாட் வரை வீச்சு (திடீரென வேகம் கூடி வீசும் காற்று) என்றும் சொன்னால், கணக்கை 12-க்குப் போடாமல் 20-க்கே போடுங்கள்.